பாதரசமும் பரிகாரமும்

வெள்ளிமலையில் ஆலை எதுவும் கிடையாது. கல்வராயன் மலை ஒன்றியத்தின் தலைமையிடம் அது. சில அரசு அலுவலகங்கள், ஒரு கடைத்தெரு, மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களுக்குப் பிரிந்து போகும் சாலைகள், அவ்வளவுதான். 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் கிடந்த மலை. அரசாங்கம் என்ற ஒன்று மேலே ஏறி வந்ததே அதற்குப் பிறகுதான். ஆலையே இல்லாத ஊரிலிருந்து, மூடிய ஆலையின் நஞ்சேறிய மண்ணைப் பற்றிக் கேள்வி கேட்பது விநோதமாகப் படலாம். ஆனால் கேள்வியை முன்கூட்டியே கேட்க வசதியான இடம் இதுதான். மலையில் சிந்துவது மலையோடு நிற்பதில்லை. கல்வராயனில் பிறக்கும் கோமுகி அடிவாரத்து அணையில் தேங்கிக் கள்ளக்குறிச்சி வட்டாரத்து வயல்களுக்குப் பாய்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு கோடைக்கானலும் சோலைக்காடும் சுனைநீருமாக இருந்த மலைதான். அங்கே நடந்தது எல்லா மலைகளுக்குமான பாடம்; அதில் ஆன்மிகமாகக் கேட்கவேண்டிய பகுதி ஒன்று இன்னும் கேட்கப்படாமல் இருக்கிறது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் நகரில் இயங்கிவந்த செஸ்ப்ரோ பாண்ட்ஸ் நிறுவனத்தின் வெப்பமானி ஆலை, 1980களின் தொடக்கத்தில் அங்கிருந்து பெயர்த்துக் கோடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டது. செயின்ட் மேரீஸ் சாலையில், பாம்பார் சோலையின் விளிம்பில் அதற்கு இடம் கிடைத்தது. அந்தச் சோலையின் நீர் பாம்பாறாகிக் கும்பக்கரை அருவி வழியே பெரியகுளம் பக்கம் இறங்குகிறது. பாண்ட்ஸ் உலக அளவில் யூனிலீவர் கைக்குப் போனது. கோடைக்கானல் ஆலை பின்னர் இந்துஸ்தான் லீவர் வசமானது. காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியின் மெல்லிய கண்ணாடிக் குழலில் பாதரசத்தை ஏற்றி அடைப்பதுதான் வேலை. உடைந்த கண்ணாடி மூட்டை மூட்டையாகச் சேர்ந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியில் இருந்த ஒரு காயலான் கடையில் அந்த மூட்டைகள் கிழிந்து கிடந்ததை ஊர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிக்கொண்டுவந்தார்கள். கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வெள்ளி மணிகளாகப் பாதரசம் உருண்டுகொண்டிருந்தது. ஊர் திரண்டது, அதே மாதம் ஆலை நின்றது. 2003இல் சுமார் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருந்த மறுசுழற்சி ஆலைக்குத் திரும்பிப் போனது. நஞ்சு, அது வந்த நாட்டுக்கே தமிழ்நாட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டது அரிய செய்தி. மண்ணை மட்டும் கப்பலில் ஏற்ற முடியவில்லை.

அந்த மண்ணைக் கழுவலாம், சூளையில் வைத்துச் சூடேற்றிப் பாதரசத்தைப் பிரிக்கலாம் என்று திட்டம் வகுத்தார்கள். ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் தங்கலாம் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரம்பு வைத்தது. 1 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று சூழலியலாளர்கள் வாதாடினார்கள். பிரிட்டனின் குடியிருப்பு நில அளவுகோலைச் சுட்டினார்கள். மாசுபடாத மண்ணில் இயல்பாக இருப்பது பெரும்பாலும் 0.1 மில்லிகிராமுக்கும் கீழே. இந்த எண்களுக்கு இடையே வழக்கும் வாதமும் ஆண்டுக்கணக்கில் நடந்தன. எண்ணைப் பற்றிச் சண்டை போட்டவர்கள் எல்லோருமே ஒன்றை ஒப்புக்கொண்டுதான் சண்டை போட்டார்கள்: ஏதோ ஓர் எண்ணைத் தொட்டுவிட்டால் காரியம் முடிந்துவிடும், நிலம் ‘சுத்தம்’ ஆகிவிடும், செய்தவன் கணக்கை மூடிவிடலாம் என்று. இதைத்தான் கேள்விக்கு உட்படுத்த வேண்டும். பிழையைப் பணமும் செயலும் கொடுத்துத் தீர்த்துவிடலாம் என்ற எண்ணம் நமக்குச் சட்டத்திலிருந்து வந்ததல்ல. பரிகாரம் என்ற பெயரில் அது நம் சமய வாழ்வில் நெடுங்காலமாக இருக்கிறது. நான் சொல்ல வருவது, மண்ணின் நஞ்சுக்குப் பரிகாரம் கிடையாது என்பது. இதை நம் சமய மரபே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது என்பதும்தான்.

திருவாரூரில் இளவரசனின் தேர்க்காலில் கன்று மாண்ட கதையை எல்லோரும் அறிவோம். அதில் நாம் அதிகம் பேசாத ஒரு கட்டம் உண்டு. சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் கதையில், ஆராய்ச்சி மணியை அடித்த பசுவின் முன்னால் மன்னன் மனுநீதிச் சோழன் கலங்கி நிற்கும்போது அமைச்சர்கள் எளிதான வழி ஒன்றைச் சொல்கிறார்கள்: பசுவதைக்கு நூல்கள் விதித்த பிராயச்சித்தம் இருக்கிறது, இளவரசன் அதைச் செய்துவிடலாம். நடைமுறை தெரிந்தவர்களின் யோசனை. மன்னன் அதை ஏற்கவில்லை. அந்தச் சடங்கு செய்தவனைத் தூய்மையாக்கலாம். கன்றை இழந்த பசுவின் நோய்க்கு அது மருந்தாகுமா என்பது அவன் கேள்வி. தன் மகனைத் தேர்க்காலில் இட அவன் எடுத்த முடிவை இன்று யாரும் பின்பற்ற முடியாது, பின்பற்றவும் கூடாது. கதையில் இறைவன் தோன்றி எல்லோரையும் உயிர்ப்பிக்கிறான். நம் தீர்ப்பாயங்கள் அந்த உதவியை நம்பி உத்தரவு போட முடியாது. ஆனால் மன்னன் பிரித்துக் காட்டிய வேறுபாடு அப்படியே நிற்கிறது. செய்தவனின் கணக்கு ஒன்று, இழந்தவரின் கணக்கு ஒன்று. முதலாவதை மூடுவதால் இரண்டாவது மூடிவிடாது. மனுநீதிச் சோழனுக்குச் சிலை வைத்திருக்கும் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில்தான் 2016 மார்ச்சில் கோடைக்கானல் ஆலையின் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் செய்துகொண்ட உடன்பாடு பதிவானது. மனிதாபிமான அடிப்படையில் உதவித்தொகை தருகிறோம் என்றது நிறுவனம். ஆலையால் உடல்நலக் கேடு விளைந்தது என்று ஒப்புக்கொள்ளவில்லை. பத்து ஆண்டு வழக்குக்குப் பின் தொழிலாளர்களுக்கு ஏதோ கிடைத்தது நல்லதே. அதைக் குறைத்துப் பேசுவது வயிறு நிறைந்தவர்களின் பேச்சு. அதே சமயம் அந்த உடன்பாட்டில் மண் ஒரு தரப்பாக இல்லை. பாம்பார் சோலைக்கு வக்கீல் கிடையாது.

மண்ணை ஒரு தரப்பாக நினைக்க வைக்கும் தத்துவம் ஒன்றுக்கு நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. 13ஆம் நூற்றாண்டில் சிவஞானபோதம் தந்த மெய்கண்டாரின் திருவெண்ணெய்நல்லூரும் வெள்ளிமலையும், 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரியும்வரை ஒரே விழுப்புரம் மாவட்டத்து ஊர்கள். மெய்கண்டாரும் அவர் வழிவந்த சைவ சித்தாந்திகளும் அழுக்கு நீங்குதல் என்றால் என்ன என்பதில் மற்றச் சமயவாதிகளோடு மிகக் கறாராக வாதிட்டிருக்கிறார்கள். உயிரைப் பற்றிய ஆணவ மலம் முத்தியில் அழிந்துபோகிறதா? இல்லை என்பது அவர்கள் விடை. உள்ள பொருள் எதுவும் இல்லாமல் போகாது என்ற அடிப்படையில் நிற்கும் தத்துவம் அது. மலமும் உள்ள பொருள். ஆகவே அது அழியாது. அதன் சத்தி மட்டுமே மடங்கும். விடுதலை பெற்ற உயிரிடமும் மலம் வலுவிழந்து கிடக்கிறது. அதை அப்படியே கிடக்க வைப்பது இறைவனின் இடையறாத அருள். செம்போடு கூடிப் பிறந்த களிம்பை உவமை காட்டுவார்கள். அந்தச் செம்பைப் பொன்னாக்குவதற்கு அவர்கள் சொல்லும் மருந்து ரசகுளிகை, அதாவது கட்டிய பாதரசம். போகர் ஒன்பது பாடாணங்களைக் கட்டிப் பழனி மூலவரைச் செய்தார் என்று மரபு சொல்கிறது. அந்தப் பழனி கோடைக்கானல் மலையின் அடிவாரத்தில்தான் இருக்கிறது. நஞ்சை அழிக்கப் பார்க்காமல் கட்டப் பார்த்த மரபு ஒன்றின் காலடியிலேயே இந்தக் கதை நடந்திருக்கிறது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

இங்கே ஒருவர் இடைமறிக்கலாம்: ஆன்மாவின் அழுக்கைப் பற்றிச் சொன்னதை ஆலை மண்ணுக்குப் பொருத்துவது வெறும் சாதுரியம் இல்லையா, மண் வேதியியலில் சமயத்துக்கு என்ன வேலை? நியாயமான கேள்வி. பொருத்தம் எனக்கும் முழுதாக இல்லை. உயிரின் மலத்துக்குத் தொடக்கம் கிடையாது. கோடைக்கானல் மண்ணின் மலத்துக்குத் தொடக்க ஆண்டும் கொள்முதல் ரசீதும் உண்டு. ஆனால் வேதியியல் என்ன சொல்கிறது என்று பார்த்தால், அது சித்தாந்திகளின் பக்கம்தான் நிற்கிறது. பாதரசம் ஒரு தனிமம். அதை எரித்து இல்லாமல் ஆக்க முடியாது. மண்ணைச் சூடேற்றினால் ஆவியாகிப் பிரியும். குளிர்வித்தால் மறுபடி பாதரசமாகவே சேரும். இடம் மாறுமே தவிர எண்ணிக்கையில் ஓர் அணுகூடக் குறையாது. ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் பாதரச ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது, மிச்சமாகும் உலோகத்தை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. கந்தகத்தோடு சேர்த்துக் கட்டிச் சிவந்த சல்பைடாக மாற்றி, பழைய உப்புச் சுரங்கங்களின் ஆழத்தில் அடுக்குவது என்பது அவர்கள் கண்ட வழிகளில் ஒன்று. பாதரசமும் கந்தகமும் சேர்ந்த அந்தச் சிவப்பைச் சித்த மருத்துவர்கள் லிங்கம் என்ற பெயரில் நெடுங்காலமாக அறிவார்கள். கட்டலாம், அடைக்கலாம், காக்கலாம்; அதற்கு மேல் மனித சக்திக்கு வழியில்லை.

ராணிப்பேட்டை இதற்கு வேறொரு சான்று. அங்கே மூடப்பட்ட குரோமேட் ஆலை ஒன்று இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவைத் திறந்த வெளியில் குவித்துவிட்டுப் போனது. மழைக்காலத்தில் அந்தக் குன்றின் அடியிலிருந்து மஞ்சள் நீர் கசியும். மஞ்சளாக்குவது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் தருவது. பாதரசத்தைவிடக் குரோமியம் ஒருவகையில் பணிவானது. இரும்பு உப்புகளைக் கொடுத்தால் அது மூன்று இணைதிறனுக்கு இறங்கும். அந்த நிலையில் நச்சுத்தன்மை மிகக் குறைவு, நீரில் எளிதில் கரையாது. பொருள் அங்கேயே இருக்கிறது, அதன் சத்தி மடங்கிவிட்டது. ஆனாலும் மண்ணில் மாங்கனீசு ஆக்சைடுகள் இருந்தால் அடங்கிய குரோமியம் மறுபடி ஆறுக்கு ஏறக்கூடும். ஆகவே மடக்கியதோடு வேலை முடியவில்லை. மடங்கியே இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். கோயில்களில் நாம் செய்வதும் இதைத்தானே? கும்பாபிஷேகம் ஒருமுறை நடந்துவிட்டால் என்றென்றைக்கும் போதும் என்று ஆகமம் விடவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் போனால் பீடத்தையும் மூர்த்தியையும் பிணைக்கும் அஷ்டபந்தன மருந்து தளர்ந்திருக்கும், எடுத்துவிட்டுப் புதிதாகச் சாத்து என்கிறது வழக்கம். தெய்வம் இருக்கும் இடத்தின் தூய்மைக்கே தவணை வைத்த சமூகம், நஞ்சு இருந்த இடத்தின் தூய்மைக்கு ஒரே ஒரு சான்றிதழ் போதும் என்று எப்படி நம்பத் தொடங்கியது என்பது எனக்குப் புரியவில்லை.

20 மில்லிகிராம் என்ற வரம்புக்குத் திரும்புவோம். அதை ஆதரிப்பவர்களின் வலுவான வாதத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆலை நிற்பது சரிவில், சுற்றிலும் மரங்கள், ஒட்டியே காப்புக்காடு. வரம்பை 1 மில்லிகிராமுக்கு இறக்கினால் மேலும் ஆழமாகவும் அகலமாகவும் தோண்டவேண்டும், மரங்களை வெட்டவேண்டும், பிடிமானம் இழந்த மண் மழையில் பாம்பார் சோலைக்குள்ளேயே இறங்கும். மண்ணைக் காப்பாற்றப் போய்க் காட்டைக் கெடுத்துவிடக் கூடாது என்கிறார்கள். தூய்மை வெறி தீமையாக முடியும் என்பது சமய வரலாறு தெரிந்த எவருக்கும் புதிய செய்தி அல்ல. மனிதர்கள்மேல் தீட்டுக் கற்பித்து ஊருக்கு வெளியே நிறுத்தியதும் தூய்மையின் பெயரால்தான். அதே சமூகம் ஆற்றில் சாயக்கழிவு கலந்தபோது தீட்டு என்று சொல்லவில்லை. ஆகவே ‘முழுத் தூய்மை, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை’ என்ற நிலையில் நான் நிற்கவில்லை. காட்டைக் காக்க 20 தேவைப்படுகிறது என்றால் 20 இருக்கட்டும். ஆனால் அப்போது அந்த எண்ணின் பொருள் மாறவேண்டும். ‘இதோடு தீர்ந்தது’ என்பதற்கான அடையாளமாக அல்லாமல், ‘இவ்வளவை விட்டுவைத்திருக்கிறோம்’ என்ற ஒப்புதல் வாக்குமூலமாக அது படிக்கப்படவேண்டும். விட்டுவைத்தவர், விட்டுவைத்ததைக் காக்கும் பொறுப்பையும் ஏற்கவேண்டும். அதோடு, வரம்பு யாரை மனதில் வைத்துக் கணக்கிடப்பட்டது என்பதும் முக்கியம். அங்கே குடியிருக்கப்போகும் மனிதரின் உடலைக் கொண்டு கணக்கிட்டார்கள். அணுசக்தித் துறை ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு, கோடைக்கானல் ஏரி நீரிலும் மீனிலும் பாதரசம் இருந்ததைப் பதிவுசெய்து, ஆலையிலிருந்து வெளியேறியதே காரணமாக இருக்கலாம் என்றது. அவர்களே முன்னதாக அந்தப் பகுதிப் பாசியிலும் லைக்கனிலும் கூடுதல் பாதரசத்தைக் கண்டிருந்தார்கள். லைக்கனுக்கு வேர் இல்லை. காற்று கொண்டுவந்ததைத்தான் தின்றிருக்கிறது. ‘எவ்வளவு தங்கலாம்’ என்பதை அறிவியல் சொல்லும். ‘யாருக்காகக் கணக்கிடுகிறோம்’ என்பதை அறிவியல் சொல்லாது, அது அறக்கேள்வி. சமயத்துக்கு அங்கேதான் வேலை.

இன்னொரு எதிர்ப்பு இதைவிடக் கடுமையானது. மலத்தைப் பேசினால் கன்மமும் கூடவே வரும்; கன்மக் கொள்கையைச் சூழல் வழக்குக்குள் கொண்டுவருவது ஆபத்து. நோயுற்ற தொழிலாளியிடம் ‘உன் முன்வினை’ என்று சொல்ல அது இடம் கொடுக்கும். உண்மை. அப்படிச் சொல்லி வாயடைத்த வரலாறு நமக்கு நீளமாகவே இருக்கிறது. ஆனால் கொள்கையை அதன் சொந்த வார்த்தையில் பிடித்தால், அது சுட்டும் திசை வேறு. வினை செய்தவனைத்தான் பற்றும். உடல் மாறினாலும் விடாது. மற்றவனுக்குக் கைமாற்ற முடியாது. இது தொழிலாளியைவிட நிறுவனத்துக்கே அதிகம் பொருந்துகிறது. நிறுவனம் பெயர் மாற்றும், பங்குகள் கைமாறும், ஒன்றோடொன்று கலக்கும், ஒரு நாட்டில் மூடி இன்னொரு நாட்டில் திறக்கும். ஒரு பிறவிக்கும் அடுத்ததற்கும் இடையே வினை தொடர்கிறதா என்று தத்துவவாதிகள் தலையை உடைத்துக்கொண்டது போலவே, வாங்கிய நிறுவனம் விற்ற நிறுவனத்தின் கழிவுக்குப் பொறுப்பா என்று நீதிமன்றங்கள் தலையை உடைத்துக்கொள்கின்றன. அமெரிக்காவின் நயாகரா அருவி நகரில் லவ் கால்வாய்க் குப்பைமேட்டை ஹூக்கர் ரசாயன நிறுவனம் 1953இல் பள்ளி வாரியத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு எழுதிக்கொடுத்தது. இனி எங்களுக்குப் பொறுப்பில்லை என்ற வாசகத்தையும் பத்திரத்தில் சேர்த்துக்கொண்டது. பள்ளிக்கூடம் எழுந்தது, வீடுகள் எழுந்தன. 1978இல் அங்கே நெருக்கடி நிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்றவேண்டி வந்தது. பத்திரம் எழுதி வினையைக் கைமாற்ற முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உரை வேண்டியதில்லை. தொழிலாளியின் உடலுக்கு வந்தது அவன் வினையின் பயன் என்பவர், அந்த வினை அவனுடையதுதான் என்று முதலில் நிறுவட்டும். பாதரசம் வாங்கியவர் யார் என்று ஆவணம் இருக்கிறது.

பாதரசத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர் ஜப்பானின் மினமாட்டா. சிஸ்ஸோ ஆலை விரிகுடாவில் விட்ட மீதைல் பாதரசம் மீன்வழி மனிதருக்குள் போனது. 1956இல் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. பிற்பாடு விரிகுடாவின் சேற்றை வாரி, ஒரு பகுதியைத் தூர்த்து 58 ஹெக்டேர் புது நிலம் உண்டாக்கினார்கள். 1990இல் முடிந்த வேலை அது. இன்று மேலே பூங்கா. அடியில் பாதரசச் சேறு. மசாட்டோ ஒகாட்டா என்ற மீனவர் அந்தக் கரையைச் சேர்ந்தவர். தந்தையை அந்த நோய்க்குப் பறிகொடுத்தவர். இழப்பீட்டுப் போராட்டத்தில் முன்நின்றவர். தன்னைப் ‘பாதிக்கப்பட்டவர்’ என்று சான்றளிக்கக் கேட்ட மனுவை 1985இல் அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். விண்ணப்பம், பரிசோதனை, தொகை என்று இயங்கிய அமைப்புக்குள் மன்னிப்புக் கேட்கும் மனிதமுகம் ஒன்றைக்கூடக் காணவில்லை என்பது அவர் ஆதங்கம். பிறகு அவர் இன்னும் துணிந்த இடத்துக்குப் போனார். பிளாஸ்டிக்கும் மோட்டார் படகும் கேட்கும் வாழ்க்கையை வாழும் நானும் சிஸ்ஸோதான் என்றார். ‘சிஸ்ஸோ நானே’ என்று பொருள்படும் தலைப்பில் அவர் நூல் 2001இல் வந்தது. பௌத்த வேண்டுதலின் பெயர் தாங்கிய ஒரு குழுவாகச் சேர்ந்து அவரும் நோயாளிகளும் தங்கள் கையால் செதுக்கிய சிறு கல் உருவங்களைத் தூர்த்த நிலத்தில் நட்டார்கள். கீழே கிடப்பதை மறக்கவிடாத காவல் அது. எனக்கு ஒகாட்டாவிடம் ஒரு தயக்கமும் உண்டு: எல்லோரும் குற்றவாளி என்றால் யாரும் குற்றவாளி இல்லை என்றாகிவிடாதா? பாதிக்கப்பட்டவர் சொன்னால் அது ஞானம். அதே வாக்கியத்தை ஆலை நிர்வாகம் கடன் வாங்கினால் அது ஏய்ப்பு. இந்த எல்லையை ஒழுங்காக வைத்துக்கொண்டால் அவரிடம் கற்க நிறைய இருக்கிறது. இழப்பீடு வாங்குவதும் நிலத்துக்குக் காவல் நிற்பதும் வெவ்வேறு கடமைகள் என்று மனுநீதிச் சோழனுக்குப் பின் தெளிவாகக் காட்டியவர் அவர்.

முடிவே இல்லாத பொறுப்பு என்றால் எந்த நிறுவனம் முன்வந்து சுத்தம் செய்யும், பழைய ஆலை நிலங்கள் முள்மண்டிக் கிடக்கத்தானே செய்யும் என்று தொழில்துறையினர் கேட்பார்கள். நகரங்களில் நிலத்துக்கு இருக்கும் நெருக்கடியில் மறுபயன்பாடு நல்லதே. புதிய காட்டை வெட்டுவதைவிடப் பழைய ஆலை மனையைத் திருத்துவது மேல். தண்டனைக்கு முடிவு வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். அபராதம் கட்டியாயிற்று, உழைத்தாயிற்று என்றால் பழி பேசுவதை நிறுத்தலாம். காவலுக்கு மட்டும் முடிவு கிடையாது. அது தண்டனை அல்லாததால் யாரையும் அச்சுறுத்தத் தேவையில்லை, அதற்கான நிதியை முதலிலேயே ஒதுக்கிவைத்தால் போதும். போபாலில் யூனியன் கார்பைடு வளாகத்தில் மூட்டை கட்டிக் கிடந்த 337 டன் கழிவு, விபத்து நடந்து நாற்பது ஆண்டுகள் கழித்து 2025 ஜனவரியில் பீதம்பூருக்கு லாரிகளில் போனது, அங்கே எரித்தார்கள். போபால் தீர்ந்தது என்று தலைப்புச் செய்தி படித்தவர்கள் நினைத்திருக்கலாம். மூட்டை கட்டாத மண்ணும் நிலத்தடி நீரும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. அதே 2025இல் மத்திய அரசு மாசுபட்ட தளங்களைக் கண்டறிந்து சீர்செய்வதற்கெனத் தனி விதிகளை அறிவித்திருக்கிறது. தாமதமானாலும் வரவேற்கவேண்டியது. சீர்செய்த தளத்தைப் பிற்பாடு யார், எத்தனை தலைமுறைக்குப் பார்த்துக்கொள்வது என்பதில்தான் அதன் தரம் தெரியும்.

இப்போது மறுபடி கல்வராயன் மலைக்கு வரலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 65 உயிர்களுக்கு மேல் குடித்தது. அந்த மெத்தனால் மலையில் விளைந்ததல்ல, ஆலைகளுக்கான கரைப்பான். ஆனாலும் அதன்பின் சோதனைப் படை மலையேறியது. வெல்லமும் கடுக்காயும் வேலம்பட்டையும் போட்ட ஊறலைப் பேரல் பேரலாகக் கவிழ்த்துத் தரையில் ஓடவிட்டு அழித்தார்கள். அந்த ஊறல் ஒரு மழையில் மண்ணோடு மண்ணாகிவிடும். அதற்கு அழிவு உண்டு. ஆலை நஞ்சுக்கு அந்தப் பணிவு இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு தானாக முன்வந்து கல்வராயன் மக்களின் நிலையை விசாரணைக்கு எடுத்தது. சாலையும் மருத்துவமனையும் பிழைப்பும் வேண்டும் என்ற குரல் மேலும் வலுத்தது. வேலை வேண்டும் என்பவரிடம் முத்தியைப் பற்றிப் பேசுவது அநியாயம்தான். அதனால்தான் இந்தப் பேச்சை ஆலை வருவதற்கு முன்பே பேசவேண்டும். இதே மலையாளி மக்கள் வாழும் ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பாக்சைட் வெட்டினார்கள். மலைக்கு என்ன கொண்டுவந்தாலும், அதை விட்டுப் போகும்போது எதை விட்டுவைப்பீர்கள், விட்டுவைப்பதை யார் காப்பார் என்று முதல் கூட்டத்திலேயே கேட்கும் உரிமை வெள்ளிமலைக்கு உண்டு.

அதற்கு நம்மிடம் கருவி ஏற்கெனவே இருக்கிறது. நிலம் வாங்கப் போகிற எவரும் முதலில் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுக்கிறார். அந்த நிலத்தின்மேல் யாருக்கு என்ன அடமானம் இருக்கிறது, எந்த ஆண்டில் யார் யாருக்கு எழுதிக்கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் வரும். வங்கிக் கடன் தீரும்வரை பதிவில் இருக்கும். அந்த மண்ணில் பாதரசமோ குரோமியமோ எவ்வளவு தங்கியிருக்கிறது, யார் விட்டுப்போனது, எப்போது கடைசியாக அளந்தார்கள் என்பது மட்டும் வராது. தமிழ்நாடு அரசு அதைச் சேர்க்கவேண்டும். கோடைக்கானல் செயின்ட் மேரீஸ் சாலையின் அந்தச் சர்வே எண்களிலிருந்தே தொடங்கலாம்.